காது இரைச்சலும் கைபேசிக் கோபுரமும்: நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும், கோபுரத்தை அகற்றக் கோரும் மனுவில் கையெழுத்திட்டுள்ள ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிச் சாலையோரக் கோபுரம் வீடுகளுக்கு இத்தனை அருகில் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால், அதன் நுண்ணலைகள் மூளையில் பட்டுக் காதில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்ற வரியை மனுவிலிருந்து நீக்கிவிடக் கோருகிறேன்.

நுண்ணலை காதில் ஒலியாகக் கேட்கும் என்பது கட்டுக்கதை அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ரேடார் அருகில் பணிபுரிந்தோர் 'டிக் டிக்' என்ற ஒலியை உணர்ந்தனர். அமெரிக்க அறிவியலாளர் ஆலன் ஃப்ரே அதை ஆராய்ந்து 1962இல் கட்டுரை வெளியிட்டார். நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கே நீடிக்கும் வலுவான நுண்ணலைத் துடிப்பொன்று தலையில் பட்டால், திசுவின் வெப்பம் உணரவே முடியாத அளவுதான் உயரும். ஆனால் அது சடுதியில் உயர்வதால் திசு விரிந்து, அந்த அழுத்த அலை மண்டை எலும்பின் வழியே உட்செவியை எட்டுகிறது. 1974இல் ஃபாஸ்டர், ஃபின்ச் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தண்ணீரில் சோதித்தபோது, 4 டிகிரி செல்சியஸில் ஒலி மறைந்துபோனது. அந்த வெப்பநிலையில் தண்ணீர் சூடேறினாலும் விரிவதில்லை. காரணத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய சோதனையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ரேடார் பல்லாயிரம் வாட் ஆற்றலை ஒரு கணத்தில் திரட்டி வீசுகிறது. கைபேசிக் கோபுரமோ சில பத்து வாட் ஆற்றலைப் பரவலாக அனுப்புகிறது. தூரம் கூடக் கூட அதுவும் வேகமாகக் குறைந்துவிடும். அந்த ஒலி எழ இது போதாது. மூளைப் புற்றுநோய் குறித்த அச்சம் வேறு. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வகை அலைகளைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. சான்று குறைவு என்றும் சொன்னது. ஆகவே தொலைத்தொடர்புத் துறை நம் தெருவுக்கு வந்து அளந்து, அளவைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று மனுவில் கேட்போம்.

எங்கள் ஆத்தாவுக்கும் இதே இரைச்சல் இருந்தது. மதியம் வீடே அடங்கிய பிறகு, வளவுத் தூணோரம் அமர்ந்து இடது காதைப் பொத்திக்கொண்டு, "உள்ளுக்குள்ள சில்வண்டு கத்துதப்பா" என்பார்கள். கோபுரத்தையே குறை சொல்லி எட்டு மாதங்களை வீணாக்கினோம். மதுரையில் செவித்திறனைச் சோதித்தபோதுதான் வயதினால் செவித்திறன் குறைந்திருப்பது தெரிந்தது. காதுக்கருவி வைத்த பின் இரைச்சல் வெகுவாகத் தணிந்தது. அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

காது இரைகிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களைத் தாருங்கள். அவர்களை மதுரைக்கு அழைத்துச் சென்று வரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.