சுடாத நேரத்தில் என்ன வேலை?

செந்தூல், கோலாலம்பூர்
டிசம்பர் 2025

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. கடைசியில் நீயும் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கிவிட்டாய்! படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். பட்டர்வொர்த்தில் எல்லாரும் நலம்தானே? அம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது, அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே மகளுக்கு எஸ்பிஎம் தேர்வு நடக்கிறது. வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட முறைக்கிறாள். அதனால் இரவு எல்லாரும் படுத்த பிறகு ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் என் ஆட்டமெல்லாம்.

எந்த ஷூட்டர் (சுடும் வீடியோ கேம்) வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போதெல்லாம் ஒரு ஷூட்டரில் துப்பாக்கியை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். பெரிய ஸ்டூடியோ செய்தால் துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். சத்தம், உதறல், டிரிகரை அழுத்தும்போது விரலில் தெரியும் கனம் எல்லாவற்றிலும் குறை சொல்ல இடமே வைப்பதில்லை. நான் பார்ப்பது வேறு. சுடாத நேரத்தில் அந்த கேம் என் கையில் என்ன வேலையைக் கொடுக்கிறது? அதில்தான் நல்லதும் சுமாரும் பிரிகின்றன.

ஹேலோவை நினைத்துப் பார். 2001-ல் வந்த முதல் பாகத்தை உங்கள் வீட்டு ஹாலில் டிவியை மேலும் கீழுமாகப் பிரித்துக்கொண்டு ஆடினோமே. வார்ட்ஹாக் ஜீப்பை ஒருவன் ஓட்டுவான், இன்னொருவன் பின்னால் நின்று சுடுவான். நாம் அடித்துக்கொண்டது எதற்கு? ஓட்டுகிற சீட்டுக்குத்தான். ஓட்டுகிறவன் கையில் இரண்டு பேர் உயிரும் இருந்தது. கடைசி கட்டத்தில் விண்கப்பல் வெடிக்கப் போகிறது, கடிகாரம் இறங்கிக்கொண்டே வருகிறது, நீ பின்னாலிருந்து "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்துகிறாய். அந்த ஓட்டத்தில் எத்தனை பேரைச் சுட்டோம் என்று யாருக்கு ஞாபகம்?

சரி, புதுசுக்கு வருகிறேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், அக்டோபர் 10-ல், பேட்டில்ஃபீல்ட் 6 வந்தது. 2021-ல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2042-ஐ நாம் இருவரும் பாதியில் விட்டோம். 128 பேரை ஒரே மேப்பில் (களத்தில்) இறக்கிவிட்டு, யாருக்கு என்ன வேலை என்பதையே கலைத்துவிட்டார்கள். இதில் 64 பேர்தான். அசால்ட், எஞ்சினியர், சப்போர்ட், ரீகான் (வேவு) என்று பழைய நான்கு பிரிவுகளும் திரும்பி வந்துவிட்டன. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, விழுந்து கிடக்கும் நம் குழு ஆளை இழுத்துக்கொண்டே போய் எழுப்பலாம் என்பது. கெய்ரோ தெருவில் தலைக்கு மேல் சுவர் பெயர்ந்து விழும்போது, முகம் தெரியாத ஒருவனை ஒரு காரின் மறைவுக்கு இழுத்துக் கொண்டுபோய் எழுப்பிவிட்டேன். அவன் எழுந்து திரும்பி நின்று எனக்குக் காவல் கொடுத்தான். எஞ்சினியராக டாங்கியின் பின்னாலேயே நடந்து அதைப் பழுது பார்ப்பதும் அதே திருப்திதான். சில மேப்கள் ரொம்பச் சின்னது, மூச்சு விடவே நேரமில்லை. காம்பெயின், அதாவது கதையாகப் போகும் ஆட்டம், சுமார். அதற்காக மட்டும் காசு கொடுக்காதே.

அடுத்த மாதமே கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 7. ஸோம்பி முறையை உன் பையனோடு ஒரே டிவியைப் பிரித்து (ஸ்பிளிட் ஸ்கிரீன்) ஆடலாம், அது நன்றாக இருக்கிறது. ஆனால் காம்பெயினில் எனக்குக் கோபமே வருகிறது. நான்கு பேர் சேர்ந்து ஆடுவதற்காகக் கட்டியிருக்கிறார்கள். தனியாக ஆடினாலும் இணையம் இருந்தே ஆக வேண்டும், நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், அம்மாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும், கேம் நிற்காது. குடும்பம் உள்ள ஒரு மனுஷன் ஆடுவான் என்று யோசித்தே பார்க்காதவர்கள் செய்த முடிவு அது.

இதற்கு நேர் எதிராக, மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ். முழுக்க முழுக்க தனி ஆள் ஆட்டம். 2020-ல் வந்த டூம் ஈட்டர்னலில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தோம். இதில் காலை ஊன்றி நின்று கேடயம் பிடிக்க வேண்டும். பச்சை நிறத்தில் வரும் அடியைச் சரியான நொடியில் கேடயத்தால் தட்டினால் அது வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். ஷூட்டர் என்று பெயர், ஆனால் முக்கிய வேலை தடுப்பது! அந்தத் தட்டும் நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முழு கேமின் வேகத்தையே மாற்றலாம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த உடம்புக்கு இது பெரிய உபகாரம். டிராகன் ஏறிப் பறக்கும் கட்டங்கள் எனக்கு ஒட்டவில்லை, அவை சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்று மட்டும் கவனி. டிஸ்க் வாங்கினாலும் கேம் அதில் முழுதாக இல்லை, பெரும்பகுதியை இறக்கித்தான் ஆக வேண்டும். முதல் நாள் இரவே போட்டுவிட்டுத் தூங்கு.

ஆனால் முரளி, உனக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது ஹெல்டைவர்ஸ் 2. பிப்ரவரி 2024-ல் வந்தது, புதுசு என்று சொல்ல முடியாது. இன்னும் எனக்கு அலுக்கவில்லை. நான்கு பேர் ஒரு கிரகத்தில் இறங்கி பூச்சிகளோடும் ரோபோக்களோடும் மோதுவதுதான் கதை. நம் குண்டு நம் ஆள் மேலேயே பாயும், அதை நிறுத்த வழியே இல்லை. அதனால் எங்கே நிற்கிறோம், யார் குறுக்கே வருகிறார்கள் என்று எப்போதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். செத்த நண்பனைத் திரும்ப வரவழைக்க அம்புக்குறிப் பட்டன்களை வரிசையாக அழுத்த வேண்டும்: மேல், கீழ், வலம், இடம், மேல். பின்னால் பூச்சிக் கூட்டம் துரத்த, அந்த ஐந்தையும் தப்பில்லாமல் அழுத்தி முடித்ததும் வானத்திலிருந்து அவன் வந்து விழுவான் பார், அந்த நிம்மதியை வேறு எந்த கேமிலும் நான் அனுபவித்ததில்லை. ரிகாயில்லெஸ் ரைஃபிள் என்று ஒரு பீரங்கி இருக்கிறது. ஒருவன் சுட, இன்னொருவன் பக்கத்தில் நின்று குண்டு போட்டுக் கொடுத்தால் மடமடவென்று போகும். குண்டு போடுகிறவன் ஒரு தோட்டாவும் சுடுவதில்லை. ஆனால் அவன் இல்லாவிட்டால் அன்று யாரும் உயிரோடு கப்பல் ஏற மாட்டார்கள். உனக்கும் எனக்கும் செய்த மாதிரி இருக்கிறது அந்த ஏற்பாடு. விலையும் மற்ற பெரிய கேம்களைவிடக் குறைவு, உன் காசு மிச்சம்.

ஆர்க் ரெய்டர்ஸ் பற்றியும் கேட்டிருந்தாய். அக்டோபர் கடைசியில் வந்தது. நிலத்துக்கு மேலே இயந்திரங்கள் சுற்றுகின்றன, மனிதர்கள் அடியில் வாழ்கிறார்கள். நாம் மேலே போய்ப் பொருள் பொறுக்கிக்கொண்டு உயிரோடு கீழே திரும்ப வேண்டும். செத்தால் கையிலிருந்தது போச்சு. வழியில் வேறு மனிதர்களும் வருவார்கள். அவர்களிடம் பேசலாம், "சுடாதே" என்று சொல்லலாம். சிலர் உண்மையிலேயே சுடாமல் சேர்ந்து நடக்கிறார்கள், சிலர் தலையாட்டிவிட்டு முதுகில் சுடுகிறார்கள். யாரை நம்புவது என்ற அந்தத் தயக்கத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வாரத்தில் இரண்டு இரவு மட்டும் ஆட முடிகிற உனக்கு, சேர்த்ததை இழக்கும்போது மனசு கஷ்டப்படும். இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், தெரியுமா? நம் ஹேலோவையே திரும்பச் செய்கிறார்கள், 2026-ல் வருகிறது. காம்பெயின் மட்டும்தான். முதல் முறையாக பிளேஸ்டேஷனிலும் வருகிறது. கன்சோலில் இரண்டு பேர் ஒரே டிவியில் ஆடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஹேலோ இன்ஃபினிட்டில் அதைத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு 2022-ல் கைவிட்டார்களே, அன்று எனக்கு வந்த வருத்தம் உனக்குத் தெரியும். இந்த முறை சொன்னபடி தர வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான்: இப்போது ஹெல்டைவர்ஸ் 2. டூம், விலை இறங்கும்போது. பேட்டில்ஃபீல்ட், நான் தைப்பூசத்துக்கு வரும்போது பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நான் வெள்ளி இரவே பஸ் ஏறிவிடுவேன், தங்கச்சியிடம் சொல்லி வை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு உங்களோடுதான் வருகிறேன், அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டால் வீல்சேர் ஏற்பாடு செய்யலாம். என் கன்ட்ரோலரையும் கொண்டு வருகிறேன், நீ இன்னொன்று வாங்கிச் செலவு செய்யாதே. அதற்குள் பையனுக்கு அந்த ஐந்து அம்புக்குறியையும் சொல்லிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
சேகர்