காத்திருக்கும் உறைகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வகம் முழுவதும் இப்போது உன் பொறுப்பு என்று படித்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. நுண்ணோக்கியை விட்டுக் கோப்புக்கு மாறுவது கழுத்து வலிக்கு நல்லது. மற்றதற்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேதியியல் படிக்கிறாள். தடய அறிவியல் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டாளாம். நம்மைப் பார்த்து வளர்ந்தவள், வேறென்ன சொல்வாள்!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆய்வக நிர்வாக மென்பொருள், நம் ஆட்கள் ‘லிம்ஸ்’ என்கிறார்களே, அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. ஆனால் அது வந்தால் வேலை வேகமாகிவிடும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதே. எந்த மென்பொருளும் உன் கருவியைச் சீக்கிரம் ஓட்டிவிடாது. ஒவ்வொரு தடயப்பொருளும் எங்கே, யாருக்காக, எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்று காட்டும். அதற்காகத்தான் வாங்க வேண்டும்.

ஒரு ரத்த மாதிரியை எடுத்துக்கொள். அதில் ஆல்கஹால் அளவைப் பார்க்க வாயு குரோமட்டோகிராஃப் என்ற கருவி எடுத்துக்கொள்வது சில நிமிடங்கள். அறிக்கை வெளியே போக வாரக்கணக்காகிறது. வரவுப் பிரிவு அலமாரியில் கொஞ்ச நாள், ஆய்வாளர் பெயருக்கு ஒதுக்கும்வரை கொஞ்ச நாள், கருவியில் சேர்ந்தாற்போல் ஓட்ட ஒரு பேட்ச் நிறையும்வரை கொஞ்ச நாள், பிறகு சரிபார்ப்பு, கையெழுத்து. லெட்ஜரில் வந்த தேதியும் போன தேதியும் மட்டும்தான் இருக்கும். நடுவில் நடந்தது யாருக்கும் தெரியாது.

எங்கள் நச்சியல் பிரிவில் ஆண்டுதோறும் ‘இன்னொரு கருவி வேண்டும்’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். உறைக்கு உறை பார்கோடு ஒட்டி, கைமாறும் இடத்திலெல்லாம் ஸ்கேன் செய்யத் தொடங்கிய பிறகு பார்த்தால், கருவி பல மதியங்கள் சும்மா இருந்தது. முடிந்த கேஸ்கள் இரண்டாம் சரிபார்ப்புக்காக ஒரே ஒருவர் மேசையில் குவிந்து கிடந்தன. அவர் சோம்பேறியும் இல்லை. நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போகும் நாளெல்லாம் அந்த மேசை அப்படியே நிற்கும். இன்னும் இருவருக்குச் சரிபார்க்கப் பயிற்சியும் தகுதியும் கொடுத்தார்கள். கருவி கேட்ட விண்ணப்பம் தானாகவே ஓய்ந்துபோனது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தது. மாதம் 200 கேஸ் வந்து 200 வெளியே போகிற பிரிவில் 600 உள்ளே நின்றால், ஒரு கேஸ் சராசரியாக 3 மாதம் உள்ளே இருக்கும். ஆட்களைத் திட்டினாலும் கெஞ்சினாலும் இந்தக் கணக்கு மாறாது. அமெரிக்காவில் லூசியானா மாநிலக் காவல்துறை ஆய்வகம், வீண் வேலையையும் பிழையையும் குறைக்கும் லீன் சிக்ஸ் சிக்மா என்ற முறையில் டி.என்.ஏ. பிரிவின் வேலையைப் படிப்படியாக வரைந்து, தேங்கும் இடங்களைத் திருத்தியது. சராசரிக் காலம் 291 நாளிலிருந்து 31 நாளாக இறங்கியது. நீயும் முதலில் ஒரு பெரிய தாளில் உன் ஓட்டத்தை வரை. குழப்பத்தை அப்படியே கணினியில் ஏற்றினால் கணினியிலும் குழப்பம்தான்.

நான் லிம்ஸை நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தவறு நடந்தால் பின்னோக்கிப் போய்ப் பிடிக்கலாம். ‘ஹைல்பிரோன் ஆவி’ நினைவிருக்கிறதா? ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று ஏறக்குறைய 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. போலீஸ் ஆண்டுக்கணக்கில் தேடியது. 2009இல்தான் விஷயம் வெளியே வந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளிலேயே, அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. ஒட்டியிருந்தது. கிருமி நீக்கியிருந்தார்கள், ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. போகாது. அந்தக் கூத்துக்குப் பிறகுதான் தடயம் சேகரிக்கும் பொருட்களில் மனித டி.என்.ஏ. ஒட்டாமல் தயாரிக்க 2016இல் ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தனிச் சர்வதேசத் தரமே வந்தது. குச்சி, குழாய், கிட் எதுவானாலும் அதன் லாட் நம்பர், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண், கேஸோடு கட்டப்பட்டிருந்தால், இந்தக் கேஸ்களுக்கெல்லாம் பொதுவாக இருப்பது என்ன என்று ஒரு தேடலில் கேட்டுவிடலாம். இங்கிலாந்தில் 2012இல் வெளிவந்த விவகாரமும் இந்த ரகம்தான். ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய பிளாஸ்டிக் தட்டு திரும்பவும் டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாளும் ரோபோவுக்குள் போய், தான் போகாத ஊரில் நடந்த குற்றத்துக்காக ஒரு மனிதர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். பயன்படுத்திய தட்டின் பார்கோடை இரண்டாம் முறை ஸ்கேன் செய்தால் ரோபோ நின்றுவிட வேண்டும். இதைச் செய்யாத மென்பொருளுக்கு நீ காசு கொடுக்காதே.

யார் எத்தனை முடித்தார்கள் என்று திரையில் காட்டும் டாஷ்போர்டு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு போதைப்பொருள் ஆய்வாளர் மற்ற எல்லோரையும்விட மிக அதிகமாக மாதிரிகளை முடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மேலதிகாரிகளுக்குப் பெருமை. 2012இல் பார்த்தால் பல மாதிரிகளைச் சோதிக்காமலே முடிவு எழுதியிருக்கிறார். 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. ஒருவர் எண்ணிக்கை மட்டும் தனியாக எகிறி நின்றால், முதலில் அவருடைய மூலத் தரவை எடுத்துப் பார். ஆய்வாளர்களைத் தரவரிசைப்படுத்தும் திரையை நான் எங்கள் இடத்தில் மூடச் சொல்லிவிட்டேன். சிலருக்கு வருத்தம்தான், இருக்கட்டும்.

அப்புறம், யார் எதைப் பார்க்கலாம் என்ற பூட்டு. கேஸ் விவரமெல்லாம் ஒரே திரையில் இருந்தால், ‘சந்தேக நபர் ஒப்புக்கொண்டார்’ என்பதைப் படித்துவிட்டுத்தான் கைரேகையைப் பார்ப்பார்கள். விசாரணைக் குறிப்பை வேறொருவர் வைத்துக்கொண்டு, ரேகையின் அம்சங்களை ஆய்வாளர் எழுதி முடித்த பிறகே அடுத்த தாளைத் திறக்கும்படி அமைக்கலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத் தடய ஆய்வகம் 2015இலிருந்து போலிக் கேஸ்களை உண்மைக் கேஸ் போலவே உள்ளே அனுப்பித் தன் ஆட்களைத் தானே சோதிக்கிறது. கேஸ்களை உள்ளே எடுக்கிறவரும் ஆய்வு செய்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால்தான் அது நடக்கும்.

எல்லாம் கணினியில் என்றால் கணினி படுத்தால் எல்லாம் படுக்கும். 2019இல் பிரிட்டனின் பெரிய தனியார் தடய ஆய்வகம் ஒன்றில் கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தபோது, போலீஸ் அங்கே மாதிரி அனுப்புவதையே நிறுத்திவைத்தது. கைமாற்றுப் பதிவுக்கு அச்சிட்ட படிவம் ஒரு கட்டு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

தணிக்கைக்காரர் வருவதற்கு முன் ஒன்று: ஆய்வகங்களுக்கான தரமான ஐ.எஸ்.ஓ. 17025இன் 2017 பதிப்பில், இந்த மாதிரி அமைப்பைப் பயன்பாட்டுக்கு விடும் முன் அது சரியாக வேலை செய்கிறதா என்று நீயே சோதித்து நிறுவ வேண்டும் என்றிருக்கிறது. விற்றவர் கொடுத்த சான்றிதழை மட்டும் காட்டி ஒப்பேற்ற முடியாது.

டெமோ காட்ட வருகிறவரிடம் ஒரே ஒரு வேலை கொடுத்துப் பார். ஓர் உறையின் முத்திரை எண்ணை வேண்டுமென்றே தப்பாகப் போடச் சொல், பிறகு திருத்தச் சொல். பழைய எண், திருத்தியவர் பெயர், நேரம், காரணம் நான்கும் திரையில் நின்றால் மேலே பேசு. பழைய எண் காணாமல் போனால் மரியாதையாக அனுப்பி வை. அவர்கள் என்ன காட்டினார்கள் என்று எனக்கு எழுது. விலையையும் எழுது, எங்களுக்கு இன்னும் அதிகமாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராஜன்