நான்காவது டியூபுக்கு முன்னால்

எங்கள் ஊர் டாக்டர்களுக்கும், மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு 66 வயது. போன ஆடியில் அவர் கையிலும் காலிலும் கொசு கடித்த மாதிரித் தடிப்புகள் வந்தன. கடித்ததாக அவருக்கு நினைவில்லை. அதே அறையில் படுக்கும் அம்மாவுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. மூட்டைப்பூச்சியாக இருக்கும் என்று கட்டிலை வெயிலில் போட்டு, சந்துகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினோம். அப்புறம் கரப்பான் என்கிற தோல் நோய் என்றார்கள். கத்திரிக்காயும் கருவாடும் நின்றன. ஒரு டாக்டர் சிரங்கு என்று சொல்லி, கழுத்திலிருந்து பாதம் வரை பூசும் மருந்தை வீட்டில் எல்லோருக்கும் எழுதினார். பேரன்கூடப் பூசிக்கொண்டான். அரிப்பு நின்றபாடில்லை. இடையில் கடையில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட் மூன்று டியூப். பூசினால் அடங்கும், விட்டால் பழையபடி. ராத்திரி சீப்பை எடுத்துச் சொறிவார். விடிந்தால் விரிப்பில் ரத்தப் பொட்டுகள்.

ஏழு மாதம் கழித்து, கண்புரை ஆபரேஷனுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 48,000 இருந்தன. 11,000-க்குள் இருக்க வேண்டியவை. பெரும்பாலும் லிம்போசைட்டுகள் என்ற ஒரு வகை. க்ரானிக் லிம்போசைட்டிக் லுக்கேமியா என்றார்கள், மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். கழுத்தில் நெறி கட்டியிருந்ததை அன்றுதான் ஒருவர் தொட்டுப் பார்த்தார்.

தடிப்புக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு புதிதல்ல. இந்த நோய் உள்ளவர்களுக்குக் கொசுக்கடி அளவுக்கு மீறித் தடிப்பதை வீட் என்ற மருத்துவர் 1965-லேயே எழுதியிருக்கிறார். பூச்சி கடிக்காமலும் அதே மாதிரித் தடிப்புகள் வரும் என்பது பிறகு தெரிந்தது. தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால் இயோசினோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் குவிந்திருக்கும். புற்றணுக்கள் தோலுக்கு வந்துவிட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் எதிர்ப்பு சக்தி குழம்பியதன் விளைவு என்றே கருதுகிறார்கள். சிலருக்கு ரத்தத்தில் நோய் தெரிவதற்கு முன்பே தோலில் இது வந்துவிடுகிறது.

அரிப்பாக வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வேறு முகங்களும் உண்டு. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேராவில் தோலில் ஒன்றுமே இருக்காது, குளித்துவிட்டு வந்தால் மட்டும் உடம்பு பிடுங்கும். லிம்போசைட்டுகளில் வரும் புற்றுநோயான ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இளம் வயதினருக்கு மாதக்கணக்கில் வெறும் அரிப்பு இருக்கலாம். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற நோயை அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1806-ல் விவரித்தபோது, கட்டிகள் காளான் போல இருந்ததால் பெயரிலேயே பூஞ்சை ஏறிவிட்டது. உண்மையில் அது தோலில் வரும் லிம்போமா. நம் ஊரில் அதைப் படர்தாமரை என்று நினைத்து நிஜமாகவே பூஞ்சைக் களிம்பு பூச வாய்ப்பிருக்கிறது!

அரிப்பு என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது, தெரியும். யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. டாக்டர்களே, ஆறு வாரம் தாண்டியும் அடங்காத அரிப்பா, வீட்டில் மற்றவர்களுக்கு இல்லையா, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். உடம்பு இளைத்ததா, ராத்திரி வியர்த்து நனைகிறதா என்று கேளுங்கள். அணுக்களின் வகைப் பிரிவோடு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுங்கள். சில நூறு ரூபாய்தான்.

அண்ணன்களே, ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசே விதியை இறுக்கியது. அந்தக் களிம்பு தடிப்பை அமுக்கிவிடும். பின்னால் தோலை எடுத்துச் சோதிப்பவருக்கும் சரியாகத் தெரியாமல் போகலாம். நான்காவது டியூப் கேட்டு வருகிறவரை, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, டாக்டரிடம் அனுப்புங்கள்.

அப்பாவுக்கு இப்போதைக்குக் கீமோ வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும் என்றிருக்கிறார்கள். அரிப்புக்குத் தோல் டாக்டர் தனியாக வைத்தியம் செய்கிறார், பாதி குறைந்திருக்கிறது. கத்திரிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொன்ன அன்றே அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மகள் ஒருத்தி