வோஜிரார் தெரு வழியே

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மே மாதம் வரப்போவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் எடு, அப்புறம் நம்புகிறேன்.

"பாஷை தெரியாத ஊரில் தனியாக நடந்து திரிகிறாயே, வழி தப்பாதா?" என்று கேட்டிருந்தாய். தப்பும். ஆனால் பாரிஸில் தப்பிய வழியைக் கண்டுபிடிக்க, வீட்டுக் கதவுகளைப் பார்த்தாலே போதும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாள்தான் இதைச் சொல்லிக் கொடுத்தார். சேன் நதி ஊருக்கு நடுவே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. நதியிலிருந்து விலகிப் போகும் தெரு என்றால், நதிப் பக்க முனையில் 1-ஆம் எண் தொடங்கும். நதிக்கு இணையான தெரு என்றால், தண்ணீர் ஓடும் திசையிலேயே எண்களும் ஏறும். ஏறுகிற திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் இரட்டைப்படை, இடப்பக்கம் ஒற்றைப்படை. 1805-இல் வந்த ஆணை இது, இன்றும் மாறவில்லை. நடக்க நடக்க எண் இறங்குகிறதா, நதியை நோக்கியோ நீரோட்டத்துக்கு எதிராகவோ போகிறோம் என்று அர்த்தம். நதி எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி ஊர் தெரிந்த மாதிரி.

தெருமுனைச் சுவர்களில் நீலப் பலகை இருக்கும். தெருவின் பெயருக்கு மேலே சின்னதாக ஒரு எண்ணும் இருக்கும். அது வட்டார எண். மொத்தம் 20 வட்டாரங்கள். லூவர் அருங்காட்சியகம் இருப்பது முதலாவதில். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் நத்தை ஓடு போலச் சுருண்டு விரிகின்றன. அதனால் 6-ஐத் தாண்டியதும் 7 வரும் என்று நீ போனால், சில இடங்களில் 15 வந்து நிற்கும்.

எனக்கு அப்படி நேர்ந்தது வோஜிரார் தெருவில். பாரிஸிலேயே நீளமான தெரு இதுதான், 4 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ஞாயிறு காலை, முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை நடந்தே பார்ப்பது என்று கிளம்பினேன். (சிரிக்காதே. ஈபிள் கோபுரம் எங்கும் ஓடிப்போகாது.)

ஆரம்பத்தில் தெரு ஒடுக்கமாக, நடைபாதையில் இருவர் சேர்ந்து போக முடியாதபடி இருக்கிறது. 36-ஆம் எண் வாசலில், செனட் சபை இருக்கும் அரண்மனைக்கு எதிரே, வளைவு ஒன்றின் அடியில் சுவரில் பதித்த சலவைக்கல் ஒன்று இருக்கிறது. அதுதான் மீட்டர்! பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு புது அளவை மக்களுக்குப் பழக்க, 1796, 97-இல் ஊரில் பல இடங்களில் இப்படிக் கல் வைத்தார்களாம். அன்று மீட்டர் என்றால், வட துருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த அளவு, ஒரு வீட்டுச் சுவரில் பெஞ்சு மாதிரி சும்மா கிடக்கிறது. நான் நின்ற நேரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நகர மனமில்லை.

அப்புறம் லக்சம்பர்க் பூங்காவின் கம்பி வேலி. மோன்பர்னாஸ் பக்கம் வந்தால் ஒரே வண்டி இரைச்சல், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதையும் தாண்டிப் போனால் தெருவின் முகமே மாறுகிறது. மளிகைக் கடை, மருந்துக் கடை, பை நிறையக் காய்கறியோடு போகும் கிழவர்கள். வோஜிரார் என்பது ஒரு காலத்தில் தனிக் கிராமம். 1860-இல்தான் பாரிஸோடு சேர்த்துக்கொண்டார்கள். மோன்மார்த்ர், பெல்வில் எல்லாம் அப்படி வந்தவைதான். அந்தக் கிராமத்துக்குப் போகும் சாலையாக இருந்ததுதான் இந்தத் தெரு, அதனால்தான் இவ்வளவு நீளம். எண் 400-ஐத் தாண்டியதும் தெருவும் முடிகிறது, கிட்டத்தட்ட ஊரும் முடிகிறது. கால் வலித்தால் கவலையில்லை, பின்பாதி முழுக்க அடியில் 12-ஆம் மெட்ரோ ஓடுகிறது. நான் இறங்கவில்லை, வீம்பு.

கைபேசி வரைபடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நீலப் புள்ளி மட்டும்தான் ஊருக்குள் போகிறது, நாம் போவதில்லை. நான் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடுவேன். எண் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாத வீடுகளும் உண்டு. வாசல் கதவுக்கு ரகசிய எண் இருக்கும். யார் வீட்டுக்காவது போகிறோம் என்றால் அதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பயம் பற்றிக் கேட்டாய். கூட்டமான மெட்ரோவில் பையை முன்னால் மாட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான். மற்றபடி கார்களைவிட சைக்கிள்களுக்குத்தான் பயப்பட வேண்டும். சத்தமே இல்லாமல் வருகின்றன!

நீ வந்தால் முதல் நாள் நதிக்கரை. வலக்கரையில் கார்கள் போன சாலையை 2016-இலிருந்து நடப்பவர்களுக்கென்று விட்டுவிட்டார்கள். காலிப் பாட்டில் ஒன்று எடுத்து வா. நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கும் பச்சை நிறக் குடிநீர்க் குழாய்களைத் தெருவில் பார்ப்பாய். 1870-களில் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தன் செலவில் வைத்துக் கொடுத்தவை, தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். கல் பாவிய தெருக்கள் அதிகம், குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். மெட்ரோ அட்டை நான் வாங்கி வைக்கிறேன், ஆனால் பாதி நாள் அதற்கு வேலை இருக்காது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். எந்தத் தேதியில் வருகிறாய் என்று உடனே எழுது. விடுப்பு கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி