க்ராய்டன் நூலகத்தில் நுழைந்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போன வாரம் நீ அனுப்பிய கடிதத்தை அம்மாவுக்கு ஒரு முறையும், பிறகு எனக்காக இரண்டு முறையும் படித்தேன். லண்டனின் க்ராய்டனுக்குப் போய் ஐந்து வாரம் ஆகியும் வீடு, அலுவலகம், மறுபடியும் வீடு என்றே இருந்த நீ, மழைக்கு ஒதுங்கப்போய் நகர நூலகத்துக்குள் நுழைந்ததையும், 'யார் நீ, என்ன வேண்டும்' என்று அங்கே ஒருவரும் கேட்காததையும், அடுக்குகளுக்கு நடுவே நின்றபோது காரணம் தெரியாமலே கண் கலங்கியதையும் எழுதியிருந்தாய். 'இந்த வயதில் இது சிறுபிள்ளைத்தனமா அப்பா' என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவசரமாகப் பேசி முடித்துவிடுகிற விஷயமாக அது எனக்குப் படவில்லை.

சிறுபிள்ளைத்தனம் இல்லை அம்மா. எனக்கு 64 வயதாகிறது. இன்றும் நம் ஊர்க் கிளை நூலகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் நடை தானாக மெதுவாகிவிடுகிறது. கடைத்தெருவில் அரிசி விலை கேட்டுவிட்டு வந்த அதே ஆள்தான். ஆனால் படியேறி உள்ளே போனதும் தோளிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கினாற்போல் இருக்கும். நான் எதையும் சாதித்திருக்க வேண்டியதில்லை, யாரிடமும் என்னை நிரூபிக்க வேண்டியதில்லை, எவ்வளவு நேரம் இருந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. உறவினர் வீட்டில்கூட அவ்வளவு உரிமையோடு உட்கார்ந்திருக்க நமக்கு முடிவதில்லை.

முதன்முதலில் மன்னார்குடியில் உன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் போனபோது நான் நான்காம் வகுப்பு. வெளியே சித்திரை வெயில். உள்ளே சிவப்புச் சிமெண்டுத் தரை உள்ளங்காலுக்குக் குளிர்ந்தது. முன்னறையில் நீண்ட மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நாளிதழின் தாள்களை நான்கு பேர் பிரித்து வைத்துக்கொண்டு, படித்து முடித்தவர் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டு அவர் கையில் இருந்ததற்காகக் காத்திருந்தார். அதைத் தாண்டி உள்ளறை. இரும்பு அடுக்குகள், என் தலைக்கு மேலும் மூன்று தட்டு உயரம். புதிய அட்டையோடு ஒரு நூலும் இல்லை. பெரும்பாலானவை கெட்டி அட்டை போட்டுத் தைக்கப்பட்டவை, முதுகில் வெள்ளை மையால் எண் எழுதப்பட்டவை. சிலவற்றுக்குத் தலைப்பே கையெழுத்தில்தான் இருந்தது.

எதை எடுப்பது என்று தாத்தாவைக் கேட்டேன். 'உனக்கு எது வேண்டுமோ அதை எடு' என்றார். எங்கள் வீட்டில் தீபாவளிப் பலகாரம்கூட ஆளுக்கு இரண்டு என்று எண்ணித்தான் தட்டில் விழும். கடையில் எதைத் தொட்டாலும் ஓர் அதட்டல் வரும். அப்படி வளர்ந்த பையனிடம், இத்தனையிலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று ஒருவர் சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் ஒன்றையும் எடுக்கவில்லை. ஒரு தட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல்களின் முதுகைச் சுட்டுவிரலால் தடவிக்கொண்டே நடந்தேன். திரும்பி வந்து, தூசி படிந்த விரலைத் தாத்தாவிடம் காட்டினேன். அவர் தம் வேட்டியின் ஓரத்தால் துடைத்துவிட்டு, 'நாளைக்கும் வரலாம்' என்றார். உன் கண் கலங்கியதைப் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு அங்கே போகாத நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான், அன்று விடுமுறை. நூல்களை உள்ளிருந்து அறிந்தது அந்தக் காலத்தில்தான். தலைப்புப் பக்கம் கிழிந்துபோனாலும் எந்த நூலகத்து நூல் என்று கண்டுபிடிக்க, உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்திலும் முத்திரை இடுவார்கள் என்பதை நூலகர் எனக்கு ரகசியம்போல் சொல்லித் தந்தார். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்க்காமல் நான் எந்த நூலையும் எடுத்ததில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு நூலை எடுத்தேன். அதன் சீட்டில் கடைசி முத்திரை 1967ஆம் ஆண்டுக்குரியது. ஏழு ஆண்டுகள் அதே தட்டில் அது நின்றிருக்கிறது. அதற்குக் கீழே 1974 என்று புதிய முத்திரை விழுந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டவனைப் போல் எனக்குப் பெருமையாக இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் வேறோர் ஊரில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அங்கே இருந்த ஒரு நூலகத்தின் பெயர் இப்போது வேண்டாம். நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிச் சன்னலில் நீட்ட வேண்டும். பாதி நாள் 'இல்லை' என்ற பதிலோடு சீட்டு திரும்பும். கம்பிக்கு அப்பால் பூட்டிய அலமாரிகள் தெரியும், கண்ணாடி வழியே நூல்களின் முதுகு தெரியும், ஆனால் பெயரைப் படிக்க முடியாத தூரம். எனக்குத் தெரிந்த நூலைத்தானே நான் எழுதிக் கேட்க முடியும்? பெயரே தெரியாமல், ஏதோ ஒரு தட்டின் மூலையில் இருக்கிற நூலை எப்படிக் கேட்பது? ஒரு வருடம் போனேன், பிறகு நின்றுவிட்டேன். நூல்கள் அங்கே நிறையவே இருந்தன. என் விரல் போவதற்குத்தான் வழி இல்லை.

உன் கடிதத்தில் க்ராய்டன் என்ற பெயரைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். அவர் நூலகத்துக்குள் நுழைந்தபோது உனக்கு நேர்ந்தது அவருக்கு நேரவில்லை, அதுதான் வியப்பு. வாசகர் அதிகம் வராத இடம், வேலையும் அதிகம் இல்லை, மாணவர்களோடு பேசிப் பழகியவருக்குத் தனிமை தாங்கவில்லை. சில நாள்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். அந்தச் சேயர்ஸ்தான் அப்போது க்ராய்டன் நூலகங்களின் தலைமை நூலகர்! ரங்கநாதன் வேலை பழகியது க்ராய்டன் நூலகத்தில்தான். நீ நுழைந்த கட்டடம் பின்னாளில் வந்தது. அவர் காலத்தில் நூலகம் மணிக்கூண்டு உள்ள நகர மன்றக் கட்டடத்தில் இருந்தது. அந்தக் கட்டடம் 1896இல் திறக்கப்பட்டது. நம் கன்னிமாரா நூலகமும் திறக்கப்பட்டது அதே 1896 டிசம்பரில்தான். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் மணிக்கூண்டை நிமிர்ந்து பார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், ஊரும் குளிரும் புதிதாக, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல், சீர்காழிக்காரர் ஒருவர் அந்த வாசலில் நடந்திருக்கிறார்.

அங்கே இருந்த காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளும் பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் தங்கள் வீட்டுக் கூடம்போல் நூலகத்துக்குள் வந்துபோவதைக் கண்டார். 1925இல் திரும்பி வந்தவர் கணித வகுப்புக்கு மறுபடி போகவே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். நூலகத்துக்கென அவர் வகுத்து 1931இல் வெளியான ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது. கேட்கும்போது இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை அடுக்கோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சங்கிலிக்கும் நான் சீட்டு நீட்டிய சன்னலுக்கும் பெரிய தூரம் இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாம் விதி. அதைப் படித்தபோது எனக்கு அந்த 1967 முத்திரைதான் நினைவில் நின்றது. ஏழு ஆண்டு யாரும் தொடாத நூலும் நானும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டது நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. அடுக்கு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அதே 1931இல் நம் மன்னார்குடியில் நூல்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகும் நடமாடும் நூலகம் தொடங்கியது. தாத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்ப்பதற்குள் பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துவிடுவார்களாம். எழுத்துத் தெரியாத தாத்தாவின் பாட்டியும் வந்து நின்று, ஒரு நூலை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தருவாராம். என்னிடம் 'எது வேண்டுமோ எடு' என்று தாத்தா சொன்னதற்கு அந்த வண்டிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அதுதான், அதற்குப் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. நேற்று வீட்டு வரி கட்டிய ரசீதைப் பார்த்தேன், 'நூலக வரி' என்று தனியாக ஒரு வரி இருந்தது. வரி கட்டும்போது யாருக்கும் முகம் மலராது. ஆனால் அந்த ஒரு தொகையை மட்டும் நான் மனம் நிறைந்து கொடுக்கிறேன். எங்கோ ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை விரலில் தூசியோடு நிற்பதற்கு நம் வீட்டுச் சுவரும் பங்கு தருகிறது.

நம் கிளை நூலகத்தில் இப்போது பாதி நாற்காலிகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தால் மாலையில்தான் எழுந்து போகிறார்கள். நூலகத்து நூலை அவர்கள் தொடுவதே இல்லை, சொந்தப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. ஆறு பேர் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் படிக்க ஏது இடம்? போன மாதம் அவர்களில் ஒரு பெண் சோர்ந்து எழுந்து, அடுக்கின் பக்கம் போய், சும்மா ஒரு நூலை உருவி, நின்றபடியே படிக்கத் தொடங்கினாள். அரை மணி நேரம் கழித்தும் நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலியை நகர்த்திக் கொடுக்கலாம் என்று எழுந்தேன். கலைத்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் அப்படித்தான் நின்றிருப்பாய். ஐந்து வாரமாக உன்னை ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது ஒரு தாளைக் காட்டச் சொல்லியிருப்பார்கள். வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, அலுவலக அட்டை. ஒன்றையும் கேட்காமல் உன்னை உள்ளே விட்ட முதல் இடம் அது. கண் கலங்காமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அங்கே தமிழ் நூல்களுக்கு ஓர் அடுக்கு இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு: இரண்டு நூல்களை இரவல் வாங்கி வந்ததாக எழுதியிருக்கிறாய், மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய், கம்பளம் விரித்த தரையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாய், என்ன நூல் என்று மட்டும் எழுதவில்லை. பெயரை எழுதி அனுப்பு. கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு இருந்தால், உனக்கு முன்னால் அதைக் கடைசியாக எடுத்தது எந்த ஆண்டு என்பதையும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா