ஒப்பிக்கச் சொல்லுங்கள், ஆனால் இரண்டு நாள் கழித்து

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை மாலைப் படிப்பு மையம் நடத்தும் கிராமக் கமிட்டிகள், ஜமாஅத்துகள், பங்குப் பேரவைகள், இளைஞர் மன்றங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இடம் கொடுத்து, லைட் போட்டு, பிள்ளைகளைச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பது வரை எல்லாம் நன்றாகவே நடக்கிறது. உட்கார்ந்த பிள்ளை அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். பெரும்பாலும் புத்தகத்தைத் திறந்து வைத்துச் சத்தமாக வாசிக்கிறது, மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறது, கடைசியில் ஒருமுறை ஒப்பிக்கிறது. நோட்டில் ஒரு டிக் விழுகிறது. மறுநாள் அடுத்த பாடம். விட்டுப்போன பாடம் மறுபடி தலைகாட்டுவது பரீட்சைக்கு முந்தின வாரத்தில்.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஒப்பிப்பது நல்ல பழக்கம். புத்தகத்தை மூடிவிட்டு மண்டைக்குள்ளிருந்து எடுக்கிற அந்த முயற்சிதான் நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. கோளாறு, படித்த சூட்டோடு ஒப்பிக்கச் சொல்வதில் இருக்கிறது. காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வரியைத் திருப்பிச் சொல்ல முயற்சியே தேவையில்லை. கொஞ்சம் மறந்து, தேடி எடுக்க வேண்டிய நிலை வந்த பிறகு கேட்டால்தான் பலன்.

2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களிடம் மிஞ்சியது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். "எல்லாம் தெரியும் சார்" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. பார்த்துப் பழகிய பக்கம், தெரிந்த பக்கம் போலவே தோன்றும்.

எவ்வளவு இடைவெளி? 2008-இல் சிபீடா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரத்தில் சோதனை என்றால் ஒரு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கும், ஏறக்குறைய ஓராண்டு கழித்துச் சோதனை என்றால் சுமார் மூன்று வாரம் கழித்துப் பார்த்தவர்களுக்கும் அதிகம் நின்றது. ஜூலையில் நடத்திய பாடத்தை மார்ச்சில் எழுதப்போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் நெருக்கமாகவும், போகப்போக மாதக் கணக்கிலும் திருப்புதல் வேண்டும். குர்ஆனை மனப்பாடம் செய்விக்கும் ஹிஃப்ழு மதரஸா நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அங்கே புதுப் பாடத்தோடு பழைய பாடத்தையும் கேட்காமல் விடமாட்டார்கள். அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் அதே ஒழுங்கைத்தான் கேட்கிறோம்.

இதற்கு அட்டைப்பெட்டி முறை போதும். ஜெர்மானியர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பியது. 22-க்கு 28 அங்குலச் சார்ட் தாளை அகலவாக்கில் எட்டாகவும் நீளவாக்கில் ஏழாகவும் வெட்டினால் 56 அட்டை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறி விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு பிளாஸ்டிக் டப்பா. தகர டப்பா வேண்டாம், உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது.

முதல் டப்பாவைத் தினமும் கேட்க வேண்டும். இரண்டாவதைத் திங்கள், புதன், சனி. பாக் ஜலசந்திப் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகும் நாட்கள் என்பதால் யாரும் மறக்கமாட்டார்கள். மூன்றாவதை வாரம் ஒருமுறை, ஞாயிறோ வெள்ளியோ ஊர் வசதிப்படி. நான்காவதை அமாவாசைக்கு அமாவாசை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்கு ஏறும். தவறினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதலாவதுக்கே திரும்பும். இங்கே இரக்கம் காட்டும் அண்ணன்களும் அக்காக்களும்தான் முறையைக் கெடுப்பவர்கள். "கிட்டத்தட்ட சரிதானே" என்று நான்காவதுக்கு ஏற்றிவிட்ட அட்டை ஒரு மாதம் கண்ணிலேயே படாது.

ஒரு நாளைக்கு ஆறு புது அட்டைக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் ஆசையில் முப்பது எழுதுவார்கள். மூன்றாம் வாரம் பழைய அட்டையே நூறு சேர்ந்து, பெட்டி மூலைக்குப் போய்விடும்.

அட்டையை எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்கல். பருவக்காற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். "பருவக்காற்றுகள் பற்றி எழுதுக" என்று ஒரே அட்டை போட்டால், பாதி சொன்ன பிள்ளை ஏறுமா, இறங்குமா? அதை உடைக்க வேண்டும். தமிழ்நாட்டின் கடலோரத்துக்கு அதிக மழை தரும் பருவக்காற்று எது? வடகிழக்கு. எந்த மாதங்களில்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தென்மேற்குப் பருவத்தில் ராமநாதபுரத்துக்கு ஏன் மழை குறைவு? மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவுப் பக்கம் இருப்பதால். அதற்கடுத்த அட்டைதான் முக்கியம்: கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் நம் ஊரில் மழை பெய்யாததற்கும் அந்த மலைக்கும் என்ன தொடர்பு? கச்சானையும் வாடையையும் வீட்டில் தினமும் கேட்டு வளர்கிற பிள்ளைக்குப் புத்தகத்துத் 'தென்மேற்கு' அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே தெரிந்ததில் முடிச்சுப் போட்ட செய்தி சீக்கிரம் அவிழாது. ஆண்டு, பெயர், வரையறை மட்டும் கொண்ட பெட்டி சீக்கிரம் சலித்துவிடும். நான்கில் ஒரு அட்டையாவது 'ஏன்' என்று தொடங்கட்டும்.

அட்டையைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. பத்து எண்ணும் வரை திருப்பக் கூடாது, வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும் என்று விதி வையுங்கள். தவறான விடை சொன்னாலும் பரவாயில்லை. உடனே சரியானதைப் பார்த்துவிட்டால், சொன்ன தவறு கெடுதல் செய்யாது.

ஒன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் 20 நிமிடம் பழைய அட்டைகள். அடுத்த 20 நிமிடம் அன்றைய பாடத்தை வாசித்துப் புரிந்துகொள்வது. அதன்பின் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவிலிருப்பதையெல்லாம் 10 நிமிடம் எழுதுவது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் வேறு நிற மையில் அதே தாளில் எழுதுவது. அந்த இரண்டாம் நிறத்தில் இருப்பதுதான் அன்றைய ஆறு அட்டைகளுக்குச் சரக்கு. தெரிந்ததற்கு அட்டை வீண். மீதி நேரம் கணக்கு.

கணக்குக்கு அட்டை உதவாது, வேறு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு அளவியலில் உருளைக் கணக்கு பத்து, அப்புறம் கூம்பு பத்து, அப்புறம் கோளம் பத்து என்று போட்டால், பத்தாவது கணக்கில் பிள்ளை யோசிப்பதே இல்லை. எந்தச் சூத்திரம் என்பது தலைப்பிலேயே இருக்கிறதே. பரீட்சையில் தலைப்பு இருக்காது. உருளை, கோளம், இடைக்கண்டம், கூம்பு என்று கலைத்துக் கொடுங்கள். 2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் கன அளவுக் கணக்குகளை வைத்தே இதைப் பார்த்தார்கள். பயிற்சியின்போது ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. கலந்து கொடுத்த முதல் மாதத்தில் மார்க் குறையும், பெற்றோர் வந்து சத்தம் போடுவார்கள். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அட்டை கேட்கலாம். பிள்ளை கேள்வியை வாசித்து, விடை சொல்லி, திருப்பி, பின்பக்கத்தையும் சத்தமாக வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்ததா, திருப்புவதற்கு முன்னால் சொன்னதா என்பதை மட்டும் அம்மா பார்த்தால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாவும் வீட்டில் இருப்பார். மையம் பூட்டிக் கிடக்கும் கோடை விடுமுறையில் மூன்றாம், நான்காம் டப்பாக்களை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள், அடுத்த வகுப்புக்கு அடிப்படை தங்கும்.

தூக்கத்தைப் பற்றி ஒன்றுதான்: படித்தது உறக்கத்தில்தான் படிகிறது. பரீட்சை மாதத்தில் இரவு பன்னிரண்டு வரை மையத்தைத் திறந்து வைக்காதீர்கள். விடியற்காலை படகு வரும்போது கரைக்குப் போகும் பையன்களை எட்டரைக்கே அனுப்பிவிடுங்கள்.

கமிட்டிகளிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. பரிசாக மஞ்சள் பேனா வாங்கும் பணத்தில் சார்ட் தாள் வாங்குங்கள். எத்தனை பாடம் முடிந்தது என்ற பதிவேட்டுக்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்காம் டப்பாவில் எத்தனை அட்டை என்று மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். அதைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் மறுநாளே ஏமாற்றி ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் இறங்கவும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு, ஒரே பாடம், அரையாண்டுத் தேர்வு வரை. அதற்கு மையத்துக்கு இரண்டு தன்னார்வலர்கள் வந்தால், அட்டை எழுதும் முறையை ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து காட்டித்தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர்