இலைக்கு மேல் கை

அன்புள்ள சரவணா,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர் இன்னும் காலி செய்யவில்லை. மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது மைக்ரோவேவ் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு மருந்து டப்பா தெரிந்தது. நீ உடனே போனைத் திருப்பிவிட்டாய். அம்மா கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பக்கத்தில் மூன்று பார்சல் டப்பா இருந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் வெளியில் சாப்பிடுகிறேன் என்றாய். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஓட்டல் சம்பளத்தில்தான் நம் வீடு நடந்தது. ஆனால் ஓட்டலில் எப்படிச் சாப்பிடுவது என்று ஒன்று இருக்கிறது.

நம்மூர் முழுச் சாப்பாட்டில் அளவை முடிவு செய்கிறவன் சாப்பிடுகிறவன். சப்ளையர் வாளியோடு வருவார், ஒரு கரண்டி வைப்பார், முகத்தைப் பார்ப்பார். இலைக்கு மேல் கை வந்தால் கரண்டி நின்றுவிடும். சாம்பாருக்கு, வத்தக்குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை யோசிக்க இடம் உண்டு. அங்கே அமெரிக்காவில் அந்த முடிவை உள்ளே மாஸ்டரே எடுத்துவிடுகிறார். தட்டு மேஜைக்கு வரும்போது நீ சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. ஏன் அத்தனை வைக்கிறார்கள் என்றால், தட்டு சின்னதோ பெரிதோ வாடகையும் கூலியும் ஒன்றுதான். சோறும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் மலிவு. அதில் கொஞ்சம் கூட வைத்து விலையில் இரண்டு டாலர் ஏற்றலாம். நம்மூரிலும் சோறு கேட்கக் கேட்க வரும், அப்பளம் ஒன்றோடு சரி. கணக்கு ஒன்றுதான்.

அதனால் தட்டு வந்ததும், கை வைப்பதற்கு முன்பே, ஒரு காலி டப்பா கேள். பாதியை எடுத்து மூடி, கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்து நாற்காலியில் வை. சாப்பிட்ட பிறகு மிச்சத்தைக் கட்டலாம் என்று நினைத்தால் மிச்சம் இருக்காது. முன்னாலிருப்பதைக் கை தானாக எடுத்துக்கொண்டே இருக்கும். மதியத்தில் சில இடங்களில் சின்ன அளவு தனியாகவே உண்டு, கேட்டு வாங்கு. 20 கிளையோ அதற்கு மேலோ உள்ள கடைகள் 2018 மே மாதத்திலிருந்து மெனுவில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எத்தனை கலோரி என்று போட்டாக வேண்டும். விலையைப் பார்க்கும் கண்ணால் அதையும் பார்.

நீ விரும்பிப் போகும் அந்த மெக்சிகன் கடைகளில், உட்கார்ந்ததுமே சோள வறுவல் கூடையும் சட்னியும் காசில்லாமல் வரும், தீரத் தீர நிரப்புவார்கள். உப்பு ஏற ஏற குடிக்கத் தோன்றும். அந்தக் கூடையைத் தொடுவதற்கு முன் கையளவு எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடு. கோலா நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கேன், 355 மில்லி, அதில் 39 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன். கிளாஸை மூன்று தடவை நிரப்பினால் என்ன ஆகும் என்று நீயே கூட்டிப் பார். தண்ணீர் கேள். பெரியப்பாவின் இடது காலை நீ பார்த்திருக்கிறாய், அதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

கட்டின டப்பா காரில் கிடக்கக் கூடாது. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். வெளியில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான், டெக்சாஸ் கோடை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டாம். சோறு இன்னும் மோசம். அதில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து வெந்தாலும் சாகாது, வெதுவெதுப்பில் பெருகும். அது விடும் விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாள், மிஞ்சினால் நாலு.

இன்னொன்று, போன வருஷம் நாங்கள் வந்திருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அடுக்களையில் தாமதமானதற்கு அந்தச் சின்னப் பெண்ணின் டிப்பில் நீ சைபர் போட்டாய். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டெக்சாஸில் சர்வருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். 1991-இலிருந்து அந்த எண் மாறவில்லை. டிப் சேர்ந்துதான் அவள் கூலி. சேர்ந்தும் 7.25-க்கு எட்டவில்லை என்றால் மிச்சத்தை முதலாளி போட வேண்டும் என்பது சட்டம். அவளுக்கும் அடுப்புக்கும் சம்பந்தமில்லை. பில்லில் வரி உங்கள் பக்கம் 8.25 சதவீதம். 40 டாலருக்கு 3.30 வரும். அதை இரட்டித்தால் 6.60, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி டிப் 8 என்று எழுது. ஆறு எட்டுப் பேராகப் போனால் 18 சதவீதம் அவர்களே சேர்த்திருக்கலாம், பில்லைப் படித்துவிட்டுப் போடு.

அவள் நாலு வாய் சாப்பிட்டதும் வந்து "எப்படி இருக்கிறது" என்று கேட்பது பேச்சுக்காக இல்லை. உப்பு, காரம், மாறி வந்த அயிட்டம், எதுவானாலும் அப்போதே சொன்னால் மாற்ற முடியும். முழுசும் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் யாருக்கும் பயனில்லை. கேட்காமலே பில் வைத்தால் விரட்டுகிறாள் என்று கோபப்படாதே, அது அங்கே பழக்கம். அவளுக்கு நாலைந்து மேஜைதான் ஒதுக்கியிருப்பார்கள். பில்லுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒரு மேஜை வருமானம் போகும். உட்கார், ஆனால் சேர்த்துக் கொடு. விரலைச் சொடுக்காதே. எழுந்திருக்கும்போது தட்டை அடுக்கி ஓரமாக வைத்தாய், அதைப் பார்த்து சப்ளையர் பெற்ற பிள்ளை என்று பெருமையாக இருந்தது. அதே கைதான் சைபரும் போட்டது.

பாதியை முதலிலேயே கட்டச் சொல். மறுபடி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ பாதியில் நிறுத்த மாட்டாய், எனக்குத் தெரியும். தட்டில் ஒரு பருக்கை விட மாட்டாய். உன்னை அப்படிப் பழக்கியவன் நான். ஓட்டலில் முன்பின் தெரியாதவர்கள் இலைக்கு மேல் கை வைத்தால் அந்த நொடியே கரண்டியை நிறுத்துவேன். வீட்டில் நீ தட்டை உன் சின்னக் கையால் மூடிக்கொண்டு "போதும்பா" என்பாய். நான் கரண்டிக் காம்பால் உன் கையைத் தள்ளிவிட்டு வைப்பேன். வைத்ததை முடிக்காமல் எழுந்தால் அடி. ஒரு தடவை சுடுசாதம் உன் புறங்கையில் விழுந்தது. அப்போதும் நான் முடிக்கத்தான் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உனக்கு ஏழு வயது. பசி எங்கே முடிகிறது என்று உன் வயிறு சொன்னதை நான் கேட்கவில்லை, நீயும் கேட்காமலிருக்கப் பழகிவிட்டாய். அந்த ஆரஞ்சு டப்பாவைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதே நினைவுதான்.

தட்டில் மிச்சம் வை, சரவணா. கொட்டினாலும் பரவாயில்லை. அப்பா சொல்கிறேன்.

டப்பாவில் என்ன மாத்திரை என்று நீயாகச் சொல்ல வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் எவ்வளவு காட்டுகிறது என்று அந்த எண்ணை மட்டும் என் போனுக்கு அனுப்பு. செவ்வாய்க்கிழமை மாலை அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள்.

இப்படிக்கு,
அப்பா